அணுவை ஒற்றனாக்கிய அறிஞர்

நாடாளும் மன்னர்க்கு ஒற்றர் கண் போன்றவர் என்பது நம் முன்னோர் கருத்து. வேற்று நாட்டிற்குள் நுழையும் ஒற்றன் அந்நாட்டாரைப் போலவே உடுத்துவான். அவர்களைப் போலவே பேசுவான். அவர்களோடு உண்டு, உறங்கி, உலவுவான். அவனை வேற்றாள் என்று எவரும் ஐயுறார். ஆயினும், அவன் சென்ற இடம் எது, தங்கிய இடம் எது, மீண்ட வழி எது என்னும் செய்திகளெல்லாம் அவனை அனுப்பியவனுக்கு மறைவாக எட்டிக் கொண்டே இருக்கும். இத்தகைய ஒற்றரைச் செடியின் வேரினுள்ளும், முட்டையின் மஞ்சட் கருவினுள்ளும், மனிதனுடைய எலும்பினுள்ளும் அனுப்ப இயலுமா? இயலும் என்று செய்து காட்டினார் ஒருவர். அவர் அனுப்பிய ஒற்றர் மனிதர் அல்லர். கண்ணுக்குப் புலனாகாத அணுக்கள். அவ்வரிய செயலைச் செய்த பேரறிஞரே ஜார்ஜ் டி ஹெவெசி.

இளமையும் கல்வியும்

ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில் 1885-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் ஹெவெசி பிறந்தார். அந்நாளில் ஹங்கேரி, ஆஸ்திரியாவோடு இணைந்த ஒரு பேரரசின் பகுதியாக விளங்கிற்று. ஹெவெசியின் குடும்பம் யூத மரபில் தோன்றிக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய குடும்பம். செல்வமும் பிரபுப் பட்டமும் உடையது. எட்டு மக்களுள் ஐந்தாமவராகப் பிறந்த அவர், விரும்பியிருப்பின் உழைப்பின்றியே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ஆனால், அவருள்ளம் செல்வத்தை நாடவில்லை; கல்வியையே நாடிற்று.

பியாரிஸ்டுத் துறவியர் நடத்திய பள்ளியில் பயின்று, 1903-ஆம் ஆண்டில் பள்ளிக் கல்வியை முடித்த ஹெவெசி, புடாபெஸ்டிலும் பெர்லினிலும் சிறிது காலம் உயர்கல்வி கற்றார். பின்னர் ஜெர்மனியிலுள்ள பிரைபர்க்குப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்து, 1908-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அதன்பின் ஸ்விட்சர்லாந்து நாட்டின் சூரிச்சு நகரிலும், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூகே நகரிலும் ஆராய்ச்சி செய்தார். தேன் எங்குள்ளது என்று தேடித் திரியும் வண்டு போல, அறிவு எங்குள்ளது என்று தேடி நாடு விட்டு நாடு செல்வது அவருடைய இயல்பாயிற்று. அத்தேட்டம் அவரை இங்கிலாந்து நாட்டின் மான்செஸ்டர் நகருக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே அணுவின் உட்கருவைக் கண்டறிந்த மாமேதை ரூதர்போர்டு ஆசிரியராக விளங்கினார்.

தோற்றுப்போன பணி

ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் நூற்றுக் கணக்கான கிலோகிராம் ஈயம் இருந்தது. போகீமியா நாட்டு யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்தில் எடுக்கப்பட்ட தாதுவிலிருந்து பிரித்த ஈயம் அது; ஆஸ்திரிய அரசாங்கம் அதனை அன்பளிப்பாக அளித்திருந்தது. அந்த ஈயத்துள் ரேடியம்-டி என்னும் கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. ரூதர்போர்டின் ஆராய்ச்சிக்கு ரேடியம்-டி தேவை. ஆனால், உடனிருந்த ஈயமோ பெருந்தடையாக இருந்தது. எனவே, ஈயத்தை நீக்கி ரேடியம்-டியைத் தனியே பிரித்துத் தருமாறு 1911-ஆம் ஆண்டில் அவர் ஹெவெசியைப் பணித்தார்.

ஹெவெசி ஊக்கத்தோடு அப்பணியைத் தொடங்கினார். இரசாயன முறைகள் ஒவ்வொன்றாகக் கையாண்டார். கரைத்தார், வடித்தார், படிய வைத்தார், மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். எதைச் செய்தாலும், ஈயம் சென்ற இடத்திற்கே ரேடியம்-டியும் சென்றது. திங்கள்கள் பல கழிந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழிந்தது. ரேடியம்-டி எள்ளளவும் பிரியவில்லை. இளைஞர் ஒருவருக்கு இதனினும் பெரிய ஏமாற்றம் வேறு யாது இருத்தல் கூடும்?

தோல்வியுற்ற பலர் தம் விதியை நொந்துகொள்வர். அல்லது, கொடுத்த வேலையைக் குறை கூறுவர். ஹெவெசியோ தோல்வியையே உற்று நோக்கினார். எம்முறையாலும் இவ்விரு பொருள்களையும் பிரிக்க இயலவில்லையெனின், அதற்குக் காரணம் யாது? இரசாயன இயல்பில் ரேடியம்-டியும் ஈயமும் ஒன்றே என்பதன்றோ அதன் பொருள்! ஒன்றையொன்று விட்டுப் பிரியாத இவ்விரண்டினுள் ஒன்று மட்டும் கதிர்களை வீசுகின்றது. அங்ஙனமாயின், ஈயம் செல்லும் வழியை அறிய விரும்புவோர், அதனோடு சிறிது ரேடியம்-டியைக் கலந்து விட்டால் போதும். ஈயம் எங்கே சென்றாலும் ரேடியம்-டி உடன் செல்லும். சென்ற இடத்தைத் தன் கதிர்களால் அறிவிக்கும். பிரிக்க முடியாமையே பெருந்தடை என்று கருதப்பட்டது. அப்பிரியாமையையே அவர் பெருந்துணையாக மாற்றிக் கொண்டார்.

இந்த உண்மைக்குப் பின்னர் நல்லதொரு விளக்கம் கிடைத்தது. ஒரே தனிமத்தைச் சேர்ந்த அணுக்கள் எடையில் வேறுபடலாம் என்றும், அவை இரசாயன இயல்பில் வேறுபடா என்றும் 1913-ஆம் ஆண்டில் சாடி என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். அவ்வணுக்களுக்கு ஐசோடோப்புகள் என்று பெயரிட்டார். ரேடியம்-டி என்பதும் ஈயத்தின் ஐசோடோப்புகளுள் ஒன்றே.

உணவில் ஓர் ஒற்றன்

மான்செஸ்டரில் ஹெவெசி ஒரு விடுதியில் தங்கியிருந்தார். அங்கே பரிமாறப்படும் உணவு புதியதன்று என்னும் ஐயம் அவருக்கு உண்டாயிற்று. தட்டில் மிஞ்சிய உணவையே விடுதித் தலைவி வேறு உருவில் மறுநாளும் படைக்கின்றாள் என்று அவர் எண்ணினார். அவளோ அதனை உறுதியாக மறுத்தாள். ஒரு நாள் ஹெவெசி தம் தட்டில் உணவைச் சிறிது மிச்சம் வைத்து, அதில் கதிரியக்கப் பொருளை மிக நுண்ணிய அளவில் யாரும் அறியாமல் கலந்து வைத்தார். சில நாள்களுக்குப் பின் மேசைக்கு வந்த உணவின் அருகில் மின்காட்டி என்னும் கருவியைக் கொண்டு சென்றார். கருவி கதிரியக்கத்தைக் காட்டிற்று. பழைய உணவே மீண்டும் வந்தது என்பது ஐயத்திற்கு இடமின்றி வெளிப்பட்டது.

பிற்காலத்தில் ஹெவெசி இந்நிகழ்ச்சியை நகைச்சுவையோடு கூறுவதுண்டு. கதிரியக்கத்தின் தீங்குகள் நன்கு அறியப்படாத காலம் அது. இந்நாளில் உணவில் அத்தகைய பொருளைக் கலப்பது பெருங்குற்றமாகும். ஆயினும், இவ்விளையாட்டினுள் ஒரு பெரிய உண்மை பொதிந்திருந்தது. உணவு சென்ற வழியை அணு ஒன்று காட்டிக் கொடுத்தது. விடுதியின் அடுப்பங்கரையில் உண்மையை அறிந்து சொன்ன அணு, உடம்பினுள்ளும் உண்மையை அறிந்து சொல்லாதா?

வியன்னாவும் போரும்

அக்காலத்தில் ரேடியம் மிகுதியாக இருந்த இடம் வியன்னா நகரத்து ரேடிய ஆராய்ச்சி நிலையம். ஹெவெசி அங்குச் சென்று, பானெத்து என்னும் அறிஞரோடு சேர்ந்து உழைத்தார். 1913-ஆம் ஆண்டில் அவ்விருவரும் புது முறையை முதன்முதலாக இரசாயன ஆராய்ச்சியில் கையாண்டனர். ஈய சல்பைடு என்னும் பொருள் நீரில் கரைவதே இல்லை என்று சொல்லத்தக்க அளவுக்குக் குறைவாகக் கரைவது. எந்தத் தராசும் அளக்க முடியாத அச்சிறு அளவை, உடன் கலந்த ரேடியம்-டியின் கதிர்களைக் கொண்டு அவர்கள் அளந்து விட்டனர்.

ஆய்வு வளரத் தொடங்கிய வேளையில், 1914-ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஹெவெசி ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையில் பணியாற்ற நேர்ந்தது. மான்செஸ்டரில் அவருடன் நட்புப் பூண்டிருந்த மோஸ்லி என்னும் இளம் ஆங்கில அறிஞர், எதிரணியில் நின்று போரிட்டு, 1915-ஆம் ஆண்டில் கலிப்போலி என்னுமிடத்தில் உயிர் துறந்தார். அப்பொழுது மோஸ்லிக்கு வயது 27. ஒரே ஆய்வுக்கூடத்தில் கூடியிருந்தோரைப் போர் இரு கூறாகப் பிரித்தது. ஒருவரை மண்ணோடு மண்ணாக்கிற்று. அறிவுலகம் அடைந்த அவ்விழப்பை அளக்கவல்ல கருவி எதுவும் இல்லை.

புதிய தனிமம்

போர் முடிந்தபின் ஹங்கேரியில் அமைதி நிலவவில்லை. ஹெவெசி 1920-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகன் சென்று, தம் நண்பராகிய நீல்ஸ் போரின் ஆய்வு நிலையத்திற் சேர்ந்தார். தனிமங்களை வரிசைப்படுத்தும் எண்களை எக்ஸ்-கதிர்களைக் கொண்டு காணும் முறையை மோஸ்லி கண்டு வைத்திருந்தார். அவ்வரிசையில் 72-ஆம் இடம் வெற்றிடமாக இருந்தது. அவ்விடத்துக்கு உரிய தனிமம் சிர்கோனியத்தை ஒத்திருக்கும் என்று போரின் கொள்கை கூறிற்று. ஹெவெசியும், காஸ்டர் என்னும் டச்சு அறிஞரும் சிர்கோனியத் தாதுக்களை எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்து, அத்தனிமத்தைக் கண்டுபிடித்து, 1923-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். கோபன்ஹேகன் நகரின் இலத்தீனப் பெயர் ஹாப்னியா. அதனையொட்டிப் புதிய தனிமம் ஹாப்னியம் என்று பெயர் பெற்றது. மாண்ட நண்பர் காட்டிச் சென்ற வழி, உயிரோடிருந்த நண்பருக்கு வெற்றி தேடித் தந்தது.

உயிருள்ளவற்றினுள் ஒற்றர்

அதே 1923-ஆம் ஆண்டில் ஹெவெசி மற்றொரு செயலும் செய்தார். உயிர் நூலார் என்றென்றும் நினைவிற் கொள்ளத்தக்க செயல் அது. மொச்சை இனத்தைச் சேர்ந்த பயற்றஞ் செடிகளின் வேரை, கதிர் வீசும் ஈயம் கலந்த நீரில் அவர் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரங்களுக்குப் பின் வேர், தண்டு, இலை ஆகியவற்றைத் தனித்தனியே எரித்து, சாம்பலின் கதிரியக்கத்தை அளந்தார். செடி உறிஞ்சிய ஈயத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கி, மிகச் சிறு பகுதியே இலைக்கு ஏறியது என்று கண்டார். உயிருள்ள ஒன்றினுள் நிகழ்வதைக் கதிரியக்க அணுவைக் கொண்டு அறிந்த முதல் ஆராய்ச்சி இதுவே. மறு ஆண்டில் விலங்குகளின் உடம்பிலும் இம்முறை கையாளப்பட்டது.

ஆனால், ஈயம் உயிருக்கு நஞ்சு. உடம்பு விரும்பி ஏற்கும் பொருளன்று. நீரையும், பாஸ்வரத்தையும் போன்ற பொருள்களுக்கன்றோ உடம்பில் இயல்பான இடம் உண்டு! அவற்றின் ஒற்றர் கிடைக்கும் நாளை ஹெவெசி எதிர்நோக்கியிருந்தார். 1926-ஆம் ஆண்டு முதல் பிரைபர்க்கில் பேராசிரியராகப் பணியாற்றிய அவருக்கு, அமெரிக்க விஞ்ஞானி யூரே தாம் கண்டறிந்த கனநீரில் சிறிது அனுப்பினார். அதனைக் கொண்டு ஹெவெசியும் ஹோபர் என்பவரும் மனித உடம்பில் நீர் தங்கும் காலத்தை அளந்தனர். பருகிய நீர் உடம்பில் சராசரியாக 13 நாள் தங்குகின்றது என்பது 1934-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியின் முடிபு.

அதற்குள் ஜெர்மனியில் இட்லரின் கொடுங்கோல் ஓங்கிவிட்டது. யூத மரபினர் பதவிகளிலிருந்து விரட்டப்பட்டனர். ஹெவெசி தம் பேராசிரியப் பதவியைத் துறந்து, 1934-ஆம் ஆண்டில் மீண்டும் கோபன்ஹேகனை அடைந்தார். அவருக்கு அப்பொழுது வயது 49. பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் அகவையில், அவர் தம் வாழ்வின் தலைசிறந்த பணியைத் தொடங்கினார்.

மாறிக்கொண்டே இருக்கும் உடல்

அவ்வாண்டிலேதான் ஜோலியோ-கியூரி தம்பதியர் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தனர். அதனால், இயற்கையிற் கதிர் வீசாத தனிமங்களுக்கும் கதிர் வீசும் ஐசோடோப்புகளை உண்டாக்க வழி பிறந்தது. ஹெவெசி கந்தகம் அடங்கிய திரவத்தின்மீது நியூட்ரான்களைப் பாயச் செய்தார். கந்தக அணுக்களுட் சில பாஸ்வர அணுக்களாக மாறின. அப்பாஸ்வரத்தின் கதிரியக்கம் ஏறத்தாழ 14 நாளில் பாதியாகக் குறையும். சில வாரங்கள் நீளும் ஆராய்ச்சிக்கு அது மிகவும் ஏற்றது.

1935-ஆம் ஆண்டில் ஹெவெசியும் கீவிட்சு என்னும் மருத்துவரும் அப்பாஸ்வரத்தை எலிகளுக்கு உணவில் கலந்து கொடுத்தனர். வளர்ந்து முதிர்ந்த எலியின் எலும்பு, கட்டி முடித்த சுவர் போன்றது; அதில் புதிய கல் சேராது, பழைய கல் நீங்காது என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆனால், கதிர் வீசும் பாஸ்வரம் அவ்வெலும்பினுள் குடியேறிற்று. சிறிது சிறிதாக வெளியேறவும் செய்தது. பாஸ்வர அணு ஒன்று எலியின் உடம்பில் சராசரியாக இரண்டு திங்களே தங்குகின்றது என்று தெரிந்தது. கல் போன்ற எலும்பும் ஓயாது அழிந்து, ஓயாது புதிதாகின்றது! ஆற்றின் உருவம் மாறாது நிற்க, அதில் ஓடும் நீர் கணந்தோறும் மாறுவது போன்றதே உயிருடம்பின் நிலை. இவ்வுண்மையை அணுவாகிய ஒற்றன் வந்து சொன்ன பின்னரே உலகம் அறிந்தது.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் நீல்ஸ் போருக்கு 50 வயது நிறைந்தது. ஹெவெசி முன்னின்று நன்கொடை திரட்ட, 1,00,000 டேனிஷ் குரோனர் சேர்ந்தது. அத்தொகைக்கு ரேடியம் வாங்கி நண்பருக்குப் பரிசாக வழங்கினர். நியூட்ரான்களை மிகுதியாக உண்டாக்க உதவிய அப்பரிசு, ஆராய்ச்சிக்கும் பெருந்துணையாயிற்று.

கொழுப்பு ஏறிச் செல்லும் ஓடம்

ஹெவெசி அடுத்து ஆராய்ந்தது கொழுப்பின் பயணம். எண்ணெயும் நீரும் கலவா என்பது யாவரும் அறிந்ததே. குருதியோ பெரும்பாலும் நீர். அங்ஙனமிருக்க, குருதி எவ்வாறு கொழுப்பைச் சுமந்து செல்கின்றது? புரதமும் கொழுப்பும் ஒன்றாக இணைந்து, நீரில் மிதக்கவல்ல நுண்ணிய துகள்களாகின்றன. இவற்றுக்குக் கொழுப்புப் புரதம் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் மாஷ்பேப், 1929-ஆம் ஆண்டில் குதிரையின் குருதியிலிருந்து இத்தகைய பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். ஆற்றைக் கடக்க இயலாத பண்டத்தை ஓடம் ஏற்றிச் செல்வது போல, குருதி வெள்ளத்தில் கொழுப்பை ஏற்றிச் செல்லும் ஓடம் கொழுப்புப் புரதமே.

இவ்வோடம் எத்துறையிலிருந்து புறப்பட்டு எத்துறையை அடைகின்றது? ஹெவெசியும் ஹான் என்பவரும் முட்டையிடும் கோழிகளுக்குக் கதிர் வீசும் பாஸ்வரத்தைச் செலுத்தினர். முட்டையின் மஞ்சட் கருவில் பாஸ்வரம் கலந்த கொழுப்பு மிகுதியாக உண்டு. அது முட்டை உருவாகும் உறுப்பிலேயே உண்டாகின்றதா, வேறிடத்தில் உண்டாகி வருகின்றதா என்பதே வினா. கல்லீரல், குருதி, மஞ்சட் கரு ஆகிய மூன்றிலும் கதிரியக்கம் எப்பொழுது, எவ்வளவு தோன்றுகின்றது என்று அவர்கள் அளந்தனர். அக்கொழுப்பு பெரும்பாலும் கல்லீரலில் உண்டாகிக் குருதியின் வழியே சென்று மஞ்சட் கருவை அடைகின்றது என்னும் உண்மை 1938-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதிர்ந்த விலங்கின் மூளையிலும் அத்தகைய கொழுப்பு புதிதாக உண்டாவதை அவர்கள் கண்டனர். குருதிச் சிவப்பணுக்களில் கதிர் வீசும் பாஸ்வரத்தை ஏற்றி, அவற்றை உடம்பிற் செலுத்தி, உடம்பிலுள்ள மொத்தக் குருதியின் அளவைக் காணும் வழியும் பிறந்தது.

தங்கத்தை மறைத்த கதை

1940-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள் ஜெர்மானியப் படை டென்மார்க்கினுள் புகுந்தது. போரின் நிலையத்தில் பெரும் அச்சம் ஒன்று எழுந்தது. மாக்ஸ் வான் லாவே, ஜேம்ஸ் பிராங்கு என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவரும் தம் நோபெல் பதக்கங்களை அங்கே பாதுகாப்பாக வைத்திருந்தனர். ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அந்நாட்டுச் சட்டப்படி பெருங்குற்றம். பதக்கங்களில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை பகைவர் கையிற் சிக்கினால் லாவேயின் உயிருக்கே ஏதம் விளையும். மண்ணிற் புதைக்கலாம் என்று ஹெவெசி கருதினார். தோண்டி எடுத்து விடுவர் என்று போர் அஞ்சினார்.

ஹெவெசி உடனே வேறு வழி கண்டார். நைட்டிரிக அமிலமும் ஹைடிரோகுளோரிக அமிலமும் கலந்த இராசத் திராவகத்தில் அப்பதக்கங்களைக் கரைக்கத் தொடங்கினார். வீதியில் படைகள் நடைபோட, உள்ளே தங்கம் மெல்ல மெல்லக் கரைந்தது. கரைசல் நிறைந்த குடுவை, மற்றக் குடுவைகளோடு குடுவையாக அலமாரியில் நின்றது. நிலையத்தைச் சோதித்தவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. போர் முடிந்தபின் குடுவை இருந்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த தங்கத்தைக் கொண்டு நோபெல் நிறுவனத்தார் பதக்கங்களை மீண்டும் வார்த்து உரியவர்க்கு வழங்கினர். ஆட்களோடு ஆளாக நிற்கும் ஒற்றனைப் போலவே, தங்கமும் கண்ணெதிரே நின்று கண்ணுக்குத் தப்பியது!

பகைவரின் பிடி இறுகவே, 1943-ஆம் ஆண்டில் ஹெவெசி டென்மார்க்கை விட்டுச் சுவீடன் நாட்டிற்குத் தப்பிச் சென்றார். போரினால் உலகம் இருண்டு கிடந்த அந்நாளிலும் அவர் புகழ் மங்கவில்லை. 1943-ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசு, 1944-ஆம் ஆண்டில் அவருக்கு வழங்கப்பட்டது. ஐசோடோப்புகளைக் கொண்டு இரசாயன நிகழ்ச்சிகளை அறியும் முறையைக் கண்டமைக்கே அப்பரிசு. ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் அடைந்த தோல்வி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் உலகின் உயர்ந்த பரிசாக மலர்ந்தது.

முதுமையும் மறைவும்

ஹெவெசி 1945-ஆம் ஆண்டில் சுவீடன் குடிமகனானார். ஸ்டாக்ஹோமில் தங்கித் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இலண்டன் அரச கழகத்தின் கோப்ளிப் பதக்கம் 1949-ஆம் ஆண்டிலும், அமைதிக்கு அணு என்னும் பரிசு 1958-ஆம் ஆண்டிலும் அவரை நாடி வந்தன. அணு என்றவுடன் அழிந்த நகரங்களை நினைந்து உலகம் நடுங்கிய காலம் அது. அணு நோயைக் காட்டும், உயிரைக் காக்கும் என்பதற்கு ஹெவெசியின் வாழ்வே சான்றாக நின்றது.

1966-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள், தாம் இளமையிற் கற்ற பிரைபர்க்கு நகரில் ஹெவெசி இயற்கை எய்தினார். அவருடைய உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. நாடு நாடாகத் திரிந்த அவ்வறிஞரின் எச்சங்கள் 2001-ஆம் ஆண்டில் தாயகத்திற்குக் கொண்டுவரப்பட்டு, புடாபெஸ்டு நகரில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.

அவர் விதைத்த விதை

ஹெவெசி மறைந்த பின்னரும் அவர் கண்ட முறை ஓங்கி வளர்ந்தது. கொழுப்பை ஏற்றிச் செல்லும் ஓடத்திலேயே ஒற்றனை ஏற்றி அனுப்பினால் என்ன என்று பின்வந்தோர் எண்ணினர். அமெரிக்க அறிஞர்களாகிய பிரௌனும் கோல்டுஸ்டைனும், அடர்த்தி குறைந்த கொழுப்புப் புரதத்தில் கதிர் வீசும் அயோடினைப் பிணைத்து, அது உயிரணுவை அடையும் வழியை ஆராய்ந்தனர். உயிரணுவின் புறத்தே அத்துகளைப் பற்றி உள்ளே ஈர்க்கும் வாயில்கள் இருப்பதைக் கண்டனர். அவ்வாயில்கள் பழுதுற்றோர்க்குக் குருதியில் கொலஸ்டிரால் மிகுந்து, இளமையிலேயே இதயநோய் வருகின்றது என்பதும் விளங்கிற்று. இப்பணிக்காக 1985-ஆம் ஆண்டில் அவர்கள் நோபெல் பரிசு பெற்றனர்.

சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி, தான் சுரக்கும் பொருள்களை உண்டாக்கக் கொலஸ்டிராலை மிகுதியாக நாடுவது. எனவே, அதில் அவ்வாயில்கள் நிறைய உண்டு. 1970-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்து மருத்துவர்கள், கொலஸ்டிராலை ஒத்த பொருளில் கதிர் வீசும் அயோடினைப் பிணைத்து நோயாளியின் குருதியிற் செலுத்தினர். அது கொழுப்புப் புரதமாகிய ஓடத்தில் ஏறி, அச்சுரப்பியைச் சென்றடைந்தது. வெளியே வைத்த கருவி அதன் உருவத்தைப் படமாகக் காட்டிற்று. கத்தியின்றி, குருதி சிந்துதலின்றி, உடம்பின் ஆழத்திலுள்ள சுரப்பியின் நலமும் கேடும் தெரிந்தன. 1980-களில் டெக்னீசியம் என்னும் தனிமத்தைக் கொழுப்புப் புரதத்தோடு இணைத்தும் ஆராய்ந்தனர். ஆறு மணி நேரத்தில் கதிரியக்கம் பாதியாகும் இந்த டெக்னீசியம், இதயம், எலும்பு, சிறுநீரகம் முதலிய உறுப்புகளைக் காண்பதற்கு இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் கோடிக் கணக்கான பரிசோதனைகளிற் பயன்படுகின்றது.

முடிவுரை

செல்வம் நிறைந்த வீட்டிற் பிறந்தும் உழைப்பையே விரும்பியவர் ஹெவெசி. இரண்டு உலகப் போர்களும், நாடு விட்டு நாடு ஓடிய துன்பமும் அவருடைய ஆராய்ச்சியை நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, முடியாது என்று கண்ட ஒன்றின் முன் அவர் சோர்ந்து அமரவில்லை. ஏன் முடியவில்லை என்று வினவினார். அவ்வினாவிலிருந்தே ஒரு புதிய அறிவியல் தோன்றியது. உடம்பினுள் மறைந்த நோயை ஒரு துளி மருந்தின் கதிர் காட்டும்பொழுதெல்லாம், பிரியாத ஈயத்தோடு இரண்டு ஆண்டு போராடிய அவ்விளைஞரின் உழைப்பு பயன் தந்து கொண்டே இருக்கின்றது.